எலும்புச் சாறு ஏன் கலங்குகிறது?

கேள்வி: ஆட்டெலும்பை வேகவைத்து வீட்டிலேயே சாறு எடுக்கிறேன். அது கலங்கலாகவும் நீர்த்தும் இருப்பது ஏன்?
– வாசகி, மயிலாடுதுறை

பதில்: கலங்குவதற்குத் தீயின் வேகமே முதற் காரணம். தளதளவென்று கொதிக்கும்போது கொழுப்பு நுண்துளிகளாகச் சிதறி நீரோடு கலந்துவிடுகிறது. ஆகவே, 1 கிலோ எலும்புக்கு இரண்டரை லிட்டர் பச்சைத் தண்ணீர் ஊற்றி, மெல்லச் சூடாக்கி, மேலே திரளும் நுரையைப் பொறுமையாக அகற்றிவிட்டு, அங்கொன்றும் இங்கொன்றுமாகக் குமிழி எழும் அளவுக்கே தீயை வைத்து, சுமார் 4 மணி நேரம் வேகவிடுங்கள். நீர்த்துப்போவது எலும்பின் தேர்வைப் பொறுத்தது. கால், மூட்டு ஆகியவற்றில் மிகுந்துள்ள கொலாஜன் என்னும் புரதமே நெடுநேரம் வெந்து ஜெலட்டினாக மாறி, ஆறியபின் சாற்றை உறையச் செய்கிறது. சின்ன வெங்காயத்தையும் மிளகையும் கடைசி ஒரு மணி நேரத்தில் சேர்த்தால் போதும். சாறு வற்ற வற்ற உப்புக் கரிக்கும் என்பதால், குழம்பிலோ ரசத்திலோ ஊற்றும்போது உப்பிடுவதே நல்லது.

நம் டெல்டாவின் கோடை இரவில் சாற்றை அடுப்பிலேயே மூடிவைத்துவிட்டு உறங்குவதை நான் ஒருபோதும் ஏற்கமாட்டேன். சில கிருமிகள் உண்டாக்கும் நச்சு, மறுநாள் கொதிக்கவைத்தாலும் அழிவதில்லை. வடிகட்டிய பாத்திரத்தைக் குளிர்ந்த நீரில் நிறுத்தி விரைவாக ஆற்றி, குளிர்சாதனப் பெட்டியில் வைத்து, 3 நாட்களுக்குள் பயன்படுத்திவிடுங்கள்.