ஊற்றுக் குழாயில் காற்று அடைத்தால்

கேள்வி: ஹட்டன் பக்கம் எங்கள் தோட்ட லயத்தில் (வரிசை வீடுகளில்) ஆறு வீடுகள். மேலே ஊற்றிலிருந்து கறுப்புக் குழாயில் தண்ணீர் எடுக்கிறோம். மாசி, பங்குனியில் ஊற்று வற்றாமலே குழாயில் வரத்து நின்றுபோகிறது. ஆணியால் குத்திக் காற்றை விடலாமா?

பதில்: தயவுசெய்து குத்தாதீர்கள். அந்த ஓட்டை பிறகு கசியும். சில இடங்களில் அதன் வழியே காற்றும் சேறும் உள்ளே போகும்.

வெயில் காலத்தில் ஊற்றின் மட்டம் இறங்க, குழாய் வாய் பாதி வெளியே தெரியும். உள்ளே போகும் காற்று, குழாய் மேடேறி இறங்கும் உச்சியில் தங்கி வழியை மறிக்கும். அந்த உச்சியில் ஒரு 'டீ' (T வடிவ) இணைப்பும், மேல்நோக்கி, திறந்து மூடக்கூடிய அரை அங்குலக் குழாயும் பொருத்துங்கள். முதலில் கீழே நீர்த் தாங்கிப் (தொட்டி) பக்கத்தை மூடுங்கள். பிறகு உச்சியைத் திறங்கள். உஸ்ஸென்று காற்று போய், விக்கிவிக்கி வரும் நீர் சீராகும்வரை பொறுங்கள். அதை மூடிவிட்டுக் கீழே திறங்கள். மேடு ஊற்று மட்டத்தைவிடத் தாழ்வாக இருந்தால்தான் இது பலிக்கும். இல்லாவிட்டால் குழாயை வேறு பக்கமாகத் திருப்ப வேண்டும்.

குழாய் வாய் நீருக்குள் ஒரு சாண் ஆழத்தில், சேற்றில் படாமல் இருக்கட்டும். வலை கட்டுங்கள்.

வரத்தையும் அளந்து பாருங்கள். 10 லீட்டர் வாளி 50 விநாடியில் நிறைந்தால் மணிக்கு 720 லீட்டர், நாளுக்கு 17,000 லீட்டருக்கு மேல். முப்பது பேருக்கு அது தாராளம். அப்படியும் காலையில் தட்டுப்பாடென்றால் தாங்கி சிறியது. இரவு நீர் வழிந்தோடுகிறது. தாங்கி நிறைந்ததும் தானாக வரத்தை மூடும் மிதவை வால்வு போட்டால் மிஞ்சும் நீர் ஓடையோடு கீழ் லயத்தாருக்குப் போகும்.