உவமைகள் உண்மையை மறைக்கவா, விளக்கவா?

கேள்வி: இயேசு கிறிஸ்து நேரடியாகப் போதிக்காமல் உவமைகளால் பேசியது ஏன்? அவை உண்மையை மறைக்கின்றனவா, விளக்குகின்றனவா?

பதில்: இதே கேள்வியைச் சீடர்களும் அவரிடம் கேட்டார்கள் என்பதை மத்தேயு 13ஆம் அதிகாரத்தில் காண்கிறோம். கண்டும் காணாதவர்களாய், கேட்டும் உணராதவர்களாய் இருப்போரைப் பற்றிய ஏசாயாவின் தீர்க்கதரிசனத்தை நினைவூட்டியே அவர் மறுமொழி கூறினார். ஆகவே, தேடி வருகிறவனுக்குத் திறக்கும் அதே உவமை, இருதயம் கொழுத்தவனுக்கு வெறுங்கதையாக நின்றுவிடுகிறது.

ஆனால் உவமையின் ஆழ்ந்த நோக்கம், கேட்பவனையே தீர்ப்புச் சொல்ல வைப்பதுதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன். பிறனுடைய மனைவியை அபகரித்த தாவீது ராஜாவிடம், ஏழையின் ஒரே ஆட்டுக்குட்டியைப் பறித்த செல்வந்தனைப் பற்றித் தீர்க்கதரிசியான நாத்தான் சொன்னபோது, தாவீது கடுங்கோபங்கொண்டு அவனைச் சாவுக்குரியவன் என்றான். "நீயே அந்த மனுஷன்" என்ற சொல் அதன் பிறகே வந்தது. "எனக்குப் பிறன் (அயலான்) யார்?" என்று இயேசுவிடம் கேட்ட நியாயசாஸ்திரியும் (யூதச் சட்ட அறிஞன்), வழியில் காயப்பட்டுக் கிடந்தவனுக்கு உதவிய, யூதர்கள் வெறுத்தொதுக்கிய சமாரியனே அவனுக்குப் பிறனாயிருந்தான் என்பதைத் தன் வாயாலேயே ஒப்புக்கொள்ள நேர்ந்தது; அப்போதும் அவன் 'சமாரியன்' என்று சொல்லாமல் 'இரக்கஞ்செய்தவனே' என்றுதான் சொன்னான் என்பதைக் கவனியுங்கள்.

விதைக்கிறவன், களைகள் ஆகிய உவமைகளுக்கு இயேசுவே விளக்கம் தந்தார். லூக்கா 15ஆம் அதிகாரத்தின் கெட்ட குமாரன் உவமையிலோ, சொத்தை அழித்துவிட்டுத் திரும்பி வந்த தம்பியைத் தகப்பன் ஏற்றுக்கொண்டதற்காகக் கோபித்து வெளியே நின்ற மூத்த குமாரன் பின்பு வீட்டுக்குள் சென்றானா என்பது சொல்லப்படவே இல்லை. அந்த முடிவு, 'இவர் பாவிகளோடு சாப்பிடுகிறார்' என்று முறுமுறுத்துக்கொண்டிருந்த, யூதச் சட்டத்தைக் கண்டிப்பாகக் கைக்கொண்ட பரிசேயரிடமே விடப்பட்டது.