கன்னியாவுக்குக் குளிக்கப் போகலாமா அக்கா?

எம்.எஸ். எண்டுற மல்ட்டிபிள் ஸ்க்லெரோசிஸ் நரம்பு வருத்தத்தைப் பற்றிக் கேட்டு வந்த கடிதங்களில மூண்டை எடுத்திருக்கிறன். ஒண்டு முதலே சொல்லிப்போடுறன், நான் பிசியோதெரபிஸ்ட், நரம்பு டொக்டர் இல்ல, அதனால மருந்தைக் கூட்டவா குறைக்கவா எண்டு என்னட்ட கேக்காதீங்கோ, அது உங்கட கிளினிக்கில கேக்க வேண்டிய கதை.

கேள்வி (உப்புவெளி, டீச்சர், 34 வயது): அக்கா, ரெண்டு வருசத்துக்கு முதல் ஒரு கண் மங்கி, பிறகு இடது கால் விறைச்சு, கொழும்பில எம்.ஆர்.ஐ. எடுத்துத்தான் எம்.எஸ். எண்டு சொன்னாங்க. ஊசி போட்டுக்கொண்டு இருக்கிறன். போன வெள்ளிக்கிழமை அம்மம்மா, சூட்டுத்தண்ணி நரம்புக்கு நல்லம் எண்டு பிடிவாதமா கன்னியா வெந்நீர்க் கிணறுகளுக்குக் கூட்டிக்கொண்டு போனா. ஒவ்வொரு கிணத்திலயும் வாளி வாளியா அள்ளி ஊத்தினா. ஓட்டோவில திரும்பி வரக்குள்ள அந்தப் பழைய கண் மங்கிட்டு, கால் என்ர கால் மாதிரியே இல்ல. விடிய எழும்பப் பழையபடி சரி. வருத்தம் கூடிட்டுதோ? அம்மம்மா அண்டையில இருந்து அழுதபடி, இப்ப பரிகாரமா சீந்தில் கசாயம் வைச்சுத் தாறன் எண்டுறா. குடிக்கவா?

பதில்: முதல்ல அம்மம்மாவை அழவேணாம் எண்டு சொல்லுங்கோ, அவ எதையும் கெடுக்கல்ல. இந்த வருத்தத்தில உடம்பின்ர எதிர்ப்புச் சக்தியே மூளையிலயும் முள்ளந்தண்டிலயும் கண் நரம்பிலயும் இருக்கிற உறையை அரிச்சுப்போடுது. உறை போன இடத்தில நரம்பு தட்டுத்தடுமாறியாவது வேலை செய்துகொண்டுதான் இருக்கும், ஆனா உடம்புச் சூடு அரை டிகிரி கூடினாலே சிலருக்கு அந்த இடத்தில செய்தி நிண்டுபோயிடும். அதுதான் புதுசா ஒண்டும் வராம, உங்கட பழைய கண்ணும் பழைய காலும் மட்டும் பிழை விட்டது. உடம்பு ஆறினதும் திரும்பி வந்திட்டு. உடம்பை வருத்தி வேலை செய்யக்குள்ள எம்.எஸ். ஆக்களுக்குக் கண் கொஞ்ச நேரம் மங்கிறதை ஜெர்மன் கண் டொக்டர் வில்ஹெம் ஊட்ஹொஃப் 1890லயே எழுதி வைச்சிருக்கிறார். எம்.ஆர்.ஐ. வாறதுக்கு முந்தின காலத்தில, எம்.எஸ். எண்டு சந்தேகப்பட்ட ஆக்களைச் சூட்டுத்தண்ணித் தொட்டியில இருத்திப் பாக்கிற டெஸ்ட்டே இருந்தது. உங்கட அம்மம்மா கன்னியாவில செய்தது கிட்டத்தட்ட அந்த டெஸ்ட்டுத்தான்!

ஆனா எப்பவும் இப்பிடித்தான் எண்டு விட்டிடாதீங்கோ. உடம்பு ஆறி, காய்ச்சலும் இல்லாம, 24 மணித்தியாலம் தாண்டியும் கண்ணோ காலோ திரும்பல்ல எண்டா, இல்ல முந்தி இல்லாத புது இடத்தில விறைப்பு வந்தா, அண்டைக்கே கிளினிக்கோட கதைக்கோணும். காய்ச்சல் இருந்தாலும் சலம் போகக்குள்ள எரிஞ்சாலும் அதையும் பாக்கோணும், சின்னச் சலக்கிருமி கூட இதே ஆட்டத்தை ஆட்டும்.

கன்னியாவுக்குப் போங்கோ, இராவணன் தாய்க்குக் கடன் கழிச்ச இடம், அதை யார் வேணாம் எண்டது, காலை நனைச்சுக் கும்பிட்டிட்டு வாங்கோ, தலையில ஊத்தவேணாம். தண்ணியில பயிற்சி செய்ய ஆசையெண்டா உங்களுக்கு வாசல்லயே கடல் இருக்கே. வெளிநாட்டில எம்.எஸ். ஆக்களைப் பயிற்சிக்கு இறக்கிற குளங்களில தண்ணிச் சூட்டை 27, 29 டிகிரிக்குள்ளதான் வைச்சிருப்பாங்க, விடியக்காலம் நம்மட கடல் அதுக்குக் கிட்டத்தான் நிக்கும். வெயில் ஏறமுதல், அலை இல்லாத மாசங்களில, இடுப்பளவு தண்ணியில, கையைப் பிடிக்க ஒரு ஆளோட நடவுங்கோ. கரைக்கு ஏறக்குள்ளதான் கவனம், மணல் கால் கீழ இழுக்கும், விழுற ஆக்கள் அங்கதான் விழுறாங்க.

இன்னொண்டு, சூட்டு ஒத்தடம். ஒருக்கா என்னட்ட வந்த ஒரு அம்மாவுக்கு முழங்காலுக்குக் கீழ ரெண்டு ரூபா குத்தி அளவில கொப்புளம், அவவுக்குத் தெரியவே இல்ல, நான் சீலையைத் தூக்கிப் பாக்கக்குள்ளதான் கண்டவ. வறுத்த உப்பைத் துணியில முடிஞ்சு மகள் ஒத்தி இருக்கிறா, சுடுதா அம்மா எண்டு கேட்டுக் கேட்டுத்தான் ஒத்தினதாம், விறைச்ச கால் எப்பிடிப் பதில் சொல்லும்? எண்ணெய் தேய்க்கிறது பிரச்சினை இல்ல, சூடாக்காத எண்ணெய், மெல்லமா. கால் இறுகி இழுக்கிறதுக்கு நல்ல சுகமா இருக்கும்.

சீந்தில் வேணாம். இதை ஆக்கள் குடிக்கிறதே எதிர்ப்புச் சக்தி கூட எண்டுதானே, உங்களுக்கு அது குறைஞ்சு வந்த வருத்தம் இல்ல, வழி தவறி வீட்டாளையே அடிக்கிற வருத்தம், அதுக்குப் போய் இன்னும் சோறு போடுறதா? அமுக்கராவுக்கும் இதே கதைதான். கொரோனா நேரம் சீந்தில் குடிச்ச சில பேருக்கு ஈரல் பழுதானதை மும்பை டொக்டர்மார் எழுதி வெளியிட்டவங்க, எம்.எஸ். மருந்துகளில கனக்க ஈரலைத் தொடுறது, அதுதான் அடிக்கடி ரத்தம் எடுத்துப் பாக்கிறாங்க. நான் சித்த மருத்துவத்துக்கு எதிரி இல்ல. நம்மட கோணேசபுரி கம்பஸிலயே அதை முறையாப் படிப்பிக்கிறாங்க, அப்பிடிப் படிச்ச டொக்டரிட்ட போய் ஊசிப் பெட்டியையும் ரிப்போட்டையும் மேசையில வைச்சுக் கதையுங்கோ. பெயர் சொல்லாத பற்பம், செந்தூரம் மட்டும் வாங்காதீங்கோ, சிலதுல ஈயமும் பாதரசமும் இருக்கும், ஈயமே நரம்பைப் பழுதாக்கும், பிறகு எது எம்.எஸ்., எது ஈயம் எண்டு பிரிக்கிறது பெரிய பாடு.

கேள்வி (மூதூர், கணவர்): மனைவிக்கு எம்.எஸ். பாத்தா நல்லா இருக்கிறா, ஆனா பகல் சாப்பாட்டுக்குப் பிறகு படுத்தா எழும்பமாட்டா. உம்மா சோம்பேறி எண்டு பேசுறா, வீட்டில ஒவ்வொரு நாளும் சண்டை. யோகா நல்லமாம் எண்டு ஒருத்தர் சொன்னார், வீட்டில அதுக்கும் விருப்பமில்ல.

பதில்: தம்பி, இந்தக் கடிதத்தை உம்மாவுக்கு வாசிச்சுக் காட்டுங்கோ. எம்.எஸ். உள்ள ஆக்களில முக்கால்வாசிப் பேருக்கு மேல இந்தக் களைப்பு இருக்கு, நித்திரை கொண்டாலும் போகாது, வெளியால ஒண்டும் தெரியாது. பகல் ஏற உடம்புச் சூடும் ஏறும், அதுதான் உங்கட வீட்டில பின்னேரத்தில சண்டை. சமையலை விடிய ஆறரைக்கே முடிக்கட்டும், குசினியில ஒரு உயரமான ஸ்டூல் போடுங்கோ, இருந்துகொண்டு வெங்காயம் வெட்டலாம், தேங்காய் திருவுறதை நீங்க எடுங்கோ (ஆம்பிளை திருவினாலும் பூ ஒரே பூத்தான்). கழுத்தில ஈரத் துவாய், ஃபேனுக்கு முன்னால. எல்லாத்தையும் எம்.எஸ்.ஸில போடவும் கூடாது, ரத்தம் குறைவோ, தைரோய்டோ, மனச்சோர்வோ, ராவில சலத்துக்கு எழும்பி நித்திரை கெடுறதோ எண்டு ஒருக்காப் பாக்கச் சொல்லுங்கோ.

யோகா பற்றி, 2004ல அமெரிக்காவில ஒரேகன்ல 69 எம்.எஸ். ஆக்களைப் பிரிச்சு, ஒரு பகுதிக்கு யோகா, ஒரு பகுதிக்கு நிண்ட இடத்தில மிதிக்கிற சைக்கிள், ஒரு பகுதிக்கு ஒண்டும் இல்லாம ஆறு மாசம் பாத்தாங்க. யோகா செய்த ஆக்களுக்கும் சைக்கிள் மிதிச்ச ஆக்களுக்கும் களைப்புக் குறைஞ்சது. அப்ப யோகா எண்ட பேர்தான் வீட்டில பிரச்சினையெண்டா பேரை விடுங்கோ, சைக்கிள் காணும். முதல் கிழமை அஞ்சு நிமிசம் போதும், வேர்த்து விறுவிறுக்க மிதிக்கவேணாம்.

கேள்வி (உவர்மலை): கனடாவில இருக்கிற தம்பி ஒரு பெட்டி விட்டமின் அனுப்பி இருக்கிறான், வைட்டமின் டி 5000, பயோட்டின் 10 மில்லிகிராம், இன்னும் கனக்க. எம்.எஸ்.ஸுக்கு நல்லமாம். எல்லாம் குடிக்கவா?

பதில்: எல்லாம் வேணாம். வைட்டமின் டி ரத்தத்தில குறைவெண்டா டொக்டர் சொல்ற அளவுக்குக் குடிக்கலாம், வெயில் ஊரிலயும் குறைவா இருக்கிற ஆக்கள் கனக்க. ஆனா கூடக் குடிச்சா கூடப் பலன் எண்டு இல்ல. 2023ல வந்த அமெரிக்க ஆராய்ச்சியில 5000 யூனிட் குடிச்ச ஆக்களுக்கும் 600 குடிச்ச ஆக்களுக்கும் வருத்தம் திரும்ப வாறதில வித்தியாசம் இல்ல, பிரான்ஸில 2025ல வந்ததில, இப்பத்தான் வருத்தம் தொடங்கின ஆக்களுக்குப் பெரிய டோஸ் கொஞ்சம் உதவியிருக்கு. அளவு மீறினா கல்சியம் ஏறி சிறுநீரகத்தைக் கெடுக்கும். பயோட்டின் நாளுக்கு 300 மில்லிகிராம் குடுத்துப் பாத்த பெரிய ஆராய்ச்சி 2020ல பலனில்லாம முடிஞ்சது, நீங்க வைச்சிருக்கிற 10 மில்லிகிராமே தைரோய்டு டெஸ்ட்டைக் குழப்பி இல்லாத வருத்தத்தைக் காட்டலாம், ரத்தம் குடுக்கமுதல் லேபில கட்டாயம் சொல்லுங்கோ. பெட்டியை அப்பிடியே கிளினிக்குக்குத் தூக்கிக்கொண்டு போங்கோ. தம்பி அடுத்த முறை ஏதும் அனுப்புறதெண்டா, ஐஸ் பொதி வைச்சுப் போடுற மேற்சட்டை, கூலிங் வெஸ்ட் எண்டு ஒண்டு அங்க கடையில இருக்கும், அதை அனுப்பச் சொல்லுங்கோ, மே மாசம் கரண்ட் நிண்ட நேரம் உதவும்.