பெருமாளை மறந்துபோன அம்மா (கடிதமும் பதிலும்)

அன்புள்ள அக்கா,

திருச்சியில் இருக்கிறேன். அம்மாவுக்கு 81 வயது. டிமென்ஷியா. சில வருடங்களாக என்னோடுதான் இருக்கிறார். அண்ணன் வெளிநாட்டில், மாதாமாதம் பணம் அனுப்புகிறான்.

அம்மா ஸ்ரீரங்கத்தில் பிறந்து வளர்ந்தவர். தினமும் பாசுரம் சொல்லாமல் காபி குடிக்க மாட்டார். எது நடந்தாலும் "பெருமாள் பாத்துப்பார்" என்பார். போன வாரம் பூஜை அலமாரியில் இருக்கும் ரங்கநாதர் படத்தைக் காட்டி, "யாருடி இது, படுத்தே கிடக்கறாரே, உடம்பு முடியலையா?" என்று கேட்டார். அன்று ராத்திரி முழுக்க அழுதேன். ஆயுசு முழுக்கக் கும்பிட்டவளின் மனதிலிருந்தே தன்னை அழித்துக்கொள்ளும் கடவுள் என்ன பாதுகாப்பு கொடுக்கிறார்? டயபர் மாற்றி, படுக்கை அலசி முடிக்கும்போது விளக்கேற்றவும் மனம் வருவதில்லை. மடியாக, ஆசாரச் சுத்தத்தோடு இருக்கவே முடிவதில்லை. என் நம்பிக்கை போய்விட்டது என்றுதான் நினைக்கிறேன்.

ஆர்.

அன்புள்ள ஆர்.,

உங்கள் அம்மா கேட்ட கேள்வியை நான் பல முறை படித்தேன். அதை ஏற்கெனவே ஓர் ஆழ்வார் கேட்டிருக்கிறார். கும்பகோணத்தில் சாரங்கபாணி கோயிலில் படுத்திருக்கும் ஆராவமுதனைப் பார்த்துத் திருமழிசையாழ்வார், "நடந்த கால்கள் நொந்தவோ" என்று தொடங்குகிறார். உலகளந்த கால் வலிக்கிறதா, பூமியை இடந்தெடுத்த உடம்பு அசந்துவிட்டதா, அதனால்தான் படுத்திருக்கிறாயா, எழுந்து உட்கார்ந்து பேசு என்கிறார். அவருக்காகப் பெருமாள் எழுந்திருக்க முனைந்த கோலம்தான் இன்றும் அங்கே உத்தான சயனமாக இருக்கிறது என்பது ஐதீகம். உங்கள் அம்மாவுக்குப் பெயர் மறந்துவிட்டது. படுத்திருப்பவரைக் கண்டால் உடம்புக்கு என்னவோ என்று பதறும் அன்பு அப்படியே இருக்கிறது. அன்று நீங்கள் அழுததில் தப்பில்லை. ஆனால் அந்தக் கேள்வியை ஒரு இழப்பாக மட்டும் வைத்துக்கொள்ளாதீர்கள்.

சரி, பாதுகாப்பு எங்கே என்ற கேள்விக்கு வருகிறேன். அம்மா சொல்லிவந்த பாசுரங்களில் பெரியாழ்வாரின் இந்த அடிகளும் நிச்சயம் இருந்திருக்கும்:

"எய்ப்பு என்னை வந்து நலியும்போது அங்கு ஏதும் நான் உன்னை நினைக்க மாட்டேன்
அப்போதைக்கு இப்போதே சொல்லி வைத்தேன் அரங்கத்து அரவணைப் பள்ளியானே"

தளர்ச்சி வராமல் காப்பாற்று என்று அவர் இங்கே கேட்கவில்லை. வரும் என்று அவருக்குத் தெரியும். அப்போது உன் நினைவே இருக்காது என்பதும் தெரியும். அதனால், புத்தி தெளிவாக இருக்கும்போதே சொல்லிவைத்துவிட்டேன், மீதி உன் பொறுப்பு என்கிறார். அதுவும் உங்கள் அம்மா ஊர்ப் பெருமாளிடம். இதற்குப் பெருமாள் பக்கத்துப் பதில் போல இருப்பது, வராக அவதாரத்தில் அவர் சொன்னதாகக் கருதப்படும் வராக சரம சுலோகம். மனமும் உடம்பும் நன்றாக இருக்கும்போது என்னை நினைத்தவன், கடைசியில் கட்டையாகவும் கல்லாகவும் கிடக்கும்போது, நான் அவனை நினைத்துக்கொள்கிறேன் என்று பூமிப்பிராட்டியிடம் சொல்கிறார். எனக்குத் தெரிந்து, ஞாபகம் போன ஒருவரின் வீட்டில் பிடித்துக்கொள்ள இதைவிட உறுதியான வார்த்தை இல்லை. விழாமல் இருப்பார், நோய் குறையும் என்ற வாக்குறுதி இதில் கிடையாது. நினைக்கும் வேலை அம்மா கையிலிருந்து போய்விட்டது, அவ்வளவுதான். அவர் அத்தனை வருடம் சொன்னது போன இடத்தில் பத்திரமாக இருக்கிறது என்று நான் முழுதாக நம்புகிறேன்.

அப்புறம் மடி. காவிரிக்கு அந்தப் பக்கம் மலைக்கோட்டையில் தாயுமானவர் இருக்கிறாரே, அவர் கதை உங்களுக்குத் தெரியும். வெள்ளத்தால் தாய் வந்துசேர முடியாதபோது, அவள் உருவத்தில் வந்து ரத்னாவதிக்குப் பிரசவம் பார்த்த ஈசன் அவர். பிரசவ அறையில் ரத்தம் இருக்கும், தீட்டு இருக்கும். அதற்குள் வந்து நின்றவரைத்தான் ஊரே கும்பிடுகிறது. உங்கள் கையில் அடிக்கும் டெட்டால் வாசனைக்காக எந்தச் சாமியும் விளக்கை வேண்டாம் என்று சொல்லாது. ஏற்ற முடிந்த நாளில் ஏற்றுங்கள். முடியாத நாளில் தூங்குங்கள். அம்மாவுக்குச் சோறு ஊட்டும்போது அவருடைய பாசுரத்தையே மெதுவாகப் பாடிப் பாருங்கள். இந்த நோயில் மற்றவை போன பிறகும் பாட்டு நினைவு பலருக்கு வெகுநாள் தங்குகிறது. அடுத்த அடியை அவர் எடுத்தாலும் எடுப்பார். எடுக்காவிட்டால் வருத்தப்படாதீர்கள்.

நம்பிக்கை போய்விட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அதில் தூக்கம் போனதுதான் அதிகம் தெரிகிறது. என் மாமியாரை வீட்டில் வைத்துப் பார்த்த காலத்தில், சாயங்காலம் ஆனால் "வீட்டுக்குப் போகணும்" என்று கிளம்பிவிடுவார். இருட்டுவதற்கு முன்பே விளக்குகளைப் போட்டு வைத்ததில் கொஞ்சம் அடங்கியது. இன்னொன்று: ஓரிரு நாளில் குழப்பம் திடீரென்று ஏறினால் நோய் முற்றிவிட்டது என்று முடிவு கட்டாதீர்கள். சிறுநீர்த் தொற்று, தண்ணீர் குறைவாகக் குடிப்பது, மலச்சிக்கல் இவையெல்லாம்கூட அப்படிச் செய்யும். டாக்டரிடம் உடனே காட்டுங்கள். முதியோருக்கான தேசிய உதவி எண் 14567, கட்டணம் இல்லை, வழிகாட்டுவார்கள். 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், படுத்த படுக்கையானவர்களுக்கு வீட்டுக்கே வந்து வலி நிவாரண சிகிச்சையும் பிசியோதெரபியும் தருகிறார்கள். அந்த நிலை வந்தால் உங்கள் பகுதி சுகாதார நிலையத்தில் கேளுங்கள்.

அண்ணனிடம் இந்த வாரமே பேசுங்கள். பணம் அனுப்புவது நல்ல விஷயம், அதோடு முடிந்துவிடாது. இரவில் பார்த்துக்கொள்ள ஒரு ஆள் வைக்கும் செலவை அவர் ஏற்கட்டும். வருடத்துக்கு ஒரு முறையாவது வந்து, நீங்கள் வெளியே போகும்படி சில வாரம் அம்மாவோடு தனியாக இருக்கட்டும். அவர் தயங்கினால் இந்தக் கடிதத்தையும் பதிலையும் அப்படியே அனுப்பிவையுங்கள். என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள்.