பின்னட்டையில் வேறு பேண்டின் படம்: வாங்கலாமா?

கேள்வி: தி டேம்ட் என்ற பிரிட்டிஷ் பேண்டின் முதல் எல்பி (முழு ஆல்பம் கொண்ட பெரிய இசைத்தட்டு) ஒருவரிடம் விலைக்கு இருக்கிறது. பின்னட்டையில் வேறு யாரோ வாசிக்கிறார்கள். கேட்டால், "அதனால்தான் சார் விலை அதிகம்" என்கிறார். ஏமாற்றுகிறாரா?

அவர் சொல்வதில் விஷயம் இருக்கிறது. பின்னால் இருப்பது எடி அண்ட் தி ஹாட் ராட்ஸ் என்ற பேண்ட். 1977 பிப்ரவரியில் வந்த முதல் பிரதிகளில் அதை வெளியிட்ட ஸ்டிஃப் ரெக்கார்ட்ஸ் கம்பெனி வேண்டுமென்றே அந்தப் படத்தைப் போட்டு, "தவறு நேர்ந்துவிட்டது, வருந்துகிறோம்" என்று ஒரு ஸ்டிக்கரையும் ஒட்டியது. விளம்பரத்துக்குச் செய்த குறும்பு, அவ்வளவுதான். முன்னட்டையில் நாலு பேரும் முகமெல்லாம் கிரீம் அப்பிக்கொண்டு நிற்கும்போதே புரிந்திருக்க வேண்டும், இவர்கள் எதையும் சீரியஸாக எடுத்துக்கொள்கிற ஆட்கள் இல்லை என்று.

ஆனால் வேலையில் படு வேகம். 1976 ஜூலை 6 அன்று லண்டன் 100 கிளப்பில் செக்ஸ் பிஸ்டல்ஸ் என்ற இன்னொரு பேண்டுக்கு முன்னால் வாசித்ததுதான் முதல் மேடை, அக்டோபர் 22-இல் 'நியூ ரோஸ்' சிங்கிள் (பக்கத்துக்கு ஒரு பாட்டு உள்ள சின்னத் தட்டு) கடைக்கு வந்துவிட்டது. பங்க் என்கிற வேகமான, முரட்டு ராக் இசையில் பிரிட்டிஷ் பேண்ட் ஒன்றின் முதல் சிங்கிள் என்று இதைத்தான் சொல்வார்கள், பிஸ்டல்ஸின் முதல் சிங்கிள் வர இன்னும் ஐந்து வாரம் ஆனது. கேட்டுப் பாருங்கள்: முன்னாள் வெட்டியானான பாடகர் டேவ் வேனியன், பழைய பெண்கள் குழுப் பாட்டிலிருந்து சுட்ட ஒரு கேள்வியை நிதானமாகப் பேசி முடிக்கிறார், உடனே ராட் ஸ்கேபீஸின் டிரம்ஸ் இடி மாதிரி இறங்குகிறது, அதன் மேல் பிரையன் ஜேம்ஸின் கிடார். அந்தச் சிங்கிளின் பின்பக்கத்தில் பீட்டில்ஸின் 'ஹெல்ப்!' வேறு, ஏதோ ரயிலைப் பிடிக்க ஓடுவதைப் போல! எல்பியும் இதே தினுசுதான், இஸ்லிங்டனில் இருந்த பாத்வே என்கிற குட்டி ஸ்டுடியோவில் தயாரிப்பாளர் நிக் லோ பதிவு செய்தார், பன்னிரண்டு பாட்டும் ஏறக்குறைய அரை மணி நேரத்தில் முடிந்துவிடும். (அதே வருடம் பிங்க் ஃபிளாய்ட் பேண்டின் டிரம்மர் நிக் மேசனைத் தயாரிப்பாளராக வைத்துச் செய்த இரண்டாவது எல்பி சொதப்பல், அதை யாராவது தள்ளிவிடப் பார்த்தால் யோசியுங்கள்.)

சரி, உங்கள் பிரதிக்கு வருவோம். அட்டைப் படத்தை மட்டும் நம்பிப் பணம் கொடுக்காதீர்கள், அதை மறுபடி அச்சடிப்பது பெரிய வேலை இல்லை. தட்டை வெளியே எடுக்கச் சொல்லி, நடு லேபிளில் ஸ்டிஃப் பெயரும் 'எஸ்இஇஇசட் 1' என்ற எண்ணும் இருக்கிறதா, பிற்கால வருடம் ஏதாவது அச்சாகியிருக்கிறதா என்று பாருங்கள். அப்புறம் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்துக் கீறல் பாருங்கள். ஸ்டிக்கர் இல்லையென்றால் பேரம் பேசலாம். பாட்டு கேட்க மட்டும்தான் என்றால் மறுபதிப்பே போதும், மீதிக் காசுக்கு ரெக்கார்ட் பிளேயருக்கு நல்ல ஊசி ஒன்று வாங்குங்கள்.