சிலம்பம் பழகியவர்களுக்கு பார்டிட்சு: விரலில் ஏன் அடி விழுகிறது?

வணக்கம். காட்பாடியில் ஞாயிறுதோறும் பார்டிட்சு (கைத்தடிச் சண்டை, ஜப்பானிய மல்லுக்கலையான ஜுஜுட்சு முதலியவற்றைக் கலந்து பார்ட்டன்-ரைட் இங்கிலாந்தில் உருவாக்கிய தற்காப்புக் கலை) சொல்லிக்கொடுக்கிறீர்கள், சிலம்பம் ஆடிய பையன்கள்தான் அதிகமாக விரலில் அடி வாங்குகிறார்கள் என்று கேட்டிருந்தீர்கள்.

கோளாறு கை உயரத்தில். சிலம்பத்தின் நெற்றி உயரக் கம்பு எதிரியைத் தூரத்திலேயே நிறுத்திவிடும். பார்டிட்சுவின் மூன்றடிக் கைத்தடியில் அவனுக்கு முதலில் எட்டுவது உங்கள் விரல்தான். அதனால்தான் பார்டிட்சுவின் தடி ஆசான் பியர் விக்னி, தடி பிடித்த கையைத் தலைக்கு மேலே தூக்கி வைக்கச் சொன்னார்.

மூன்று வாரம் சுழற்றவே விடாதீர்கள் (முணுமுணுப்பார்கள், போகட்டும்). ஒருவர் மணிக்கட்டைப் பார்த்து மெதுவாக அடிக்க, மற்றவர் கையை மேலே இழுத்துத் தப்பி, அதே வீச்சில் எதிராளியின் தலையை நோக்கித் திருப்பி அடிக்க வேண்டும். ஆளுக்கு 10 முறை. கட்டைவிரல் தடியின் மேல் நீண்டு கிடந்தால் அதுதான் முதலில் வீங்கும். மற்ற விரல்களின் மேல் மடக்கிப் பூட்டச் சொல்லுங்கள்.

பிரம்பு போதும், நுனிக்கு ரப்பர் புஷ். கிரிக்கெட் ஹெல்மெட்டின் கம்பி இடைவெளி பந்தைத்தான் தடுக்கும், தடி நுனி நுழைந்துவிடும். தடி நுனியால் குத்தும் பயிற்சி என்றால் வாள்வீச்சு முகமூடி கட்டாயம்.

ஜுஜுட்சுவை அதே நாளில் கலக்க வேண்டாம். பார்ட்டன்-ரைட்டின் லண்டன் மன்றத்திலேயே தடிக்கு விக்னி, ஜுஜுட்சுவுக்கு டானி, உயெனிஷி என்று ஆசான்கள் வேறு. விழும் பயிற்சியை மொட்டைமாடித் தளத்தில் பாய் இல்லாமல் தொடவே தொடாதீர்கள்.