பிண்டோவை இறக்கிவிட்டு எந்த எஞ்சினை வைப்பது?

வணக்கம் அண்ணா,

லோட்டஸ் செவன் என்ற எடை குறைந்த பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்த தைரியத்தில் இதைக் கேட்கிறேன். போன வருடம் செவன் பாணியில் ஒரு கிட் கார் (பாகங்களாக வாங்கி நாமே கட்டிக்கொள்ளும் கார்) வாங்கினேன். 1991இல் ஒருவர் தன் கராஜில் ஃபோர்டு சியராவின் பாகங்களை வைத்துக் கட்டியது. ஃபோர்டின் 2 லிட்டர் பிண்டோ எஞ்சின், இரட்டை வெபர் கார்புரேட்டர், சியராவின் டைப் 9 ஐந்து கியர் பெட்டி. இப்போது எஞ்சின் தலைப்பக்கம் டக் டக் என்று சத்தம், கூடவே நீலப் புகை. குளிர் காலையில் ஸ்டார்ட் ஆவதற்குள் பேட்டரி பாதி இறங்கிவிடுகிறது.

பழையதைச் செப்பனிடுவதற்குப் பதில் நவீன எஞ்சின் ஒன்றை மாற்றிவிடலாம் என்று நினைக்கிறேன். ஃபோர்டின் செடெக் எஞ்சினைப் போடு என்கிறார் ஒருவர், அதே ஃபோர்டின் டியூராடெக் என்கிறார் இன்னொருவர். மாஸ்டா எம்எக்ஸ்-5 எஞ்சின், சுசுகி ஹயபுசா பைக் எஞ்சின் என்றும் ஆளாளுக்குச் சொல்கிறார்கள். 200 குதிரைத்திறன் கிடைத்தால் சந்தோஷம். ஞாயிற்றுக்கிழமை மனைவியோடு வேல்ஸ் பக்கம் போய்வரத்தான் இந்தக் கார். எதை வாங்கலாம்?

வி., பர்மிங்காம்

அன்புள்ள வி.,

முதலில் பதிலைச் சொல்லிவிடுகிறேன்: 2 லிட்டர் டியூராடெக். அதையும் தொழிற்சாலையிலிருந்து வந்த நிலையிலேயே, உள்ளே எதையும் மாற்றாமல் வையுங்கள். 200 குதிரைத்திறனை இப்போதைக்கு மறந்துவிடுங்கள்.

உங்கள் பிண்டோவில் கேட்கும் சத்தம் பெரும்பாலும் கேம்ஷாஃப்ட் (வால்வுகளைத் திறக்கும் தண்டு, சுருக்கமாக கேம்) தேய்மானம்தான். அந்த எஞ்சினில் கேமுக்கு மேலே மெல்லிய குழாய் ஒன்று ஓடும். அதிலுள்ள சின்னத் துளைகள் வழியாகத்தான் கேமுக்கு எண்ணெய் தெளிக்கும். எண்ணெயை நேரத்துக்கு மாற்றாவிட்டால் துளைகள் அடைத்துக்கொள்ளும், கேம் காய்ந்துபோய்த் தேயும். வால்வு மூடியைக் கழற்றி கேமின் மேடுகளைப் பாருங்கள். ஒன்றிரண்டு மழுங்கியிருக்கும். கேம், அது தள்ளும் ஃபாலோயர், குழாய் மூன்றையும் புதிதாகப் போட்டால் சத்தம் நின்றுவிடும். நீலப் புகை வால்வு சீல் அளவோடு நின்றால் இன்னும் சில வருடம் ஓட்டலாம். பிஸ்டன் ரிங்கும் போயிருந்தால் செலவு ஏறும், அப்போது மாற்றுவதில் அர்த்தம் இருக்கிறது. அதனால் முதலில் ஒரு கம்ப்ரஷன் டெஸ்ட் (சிலிண்டருக்குள் அழுத்தம் நிற்கிறதா என்ற சோதனை) செய்து பாருங்கள்.

சரி, மாற்றுவதென்றே வைத்துக்கொள்வோம்.

இந்தக் காருக்கு எடைதான் முதல் கேள்வி. லோட்டஸைத் தொடங்கிய காலின் சாப்மன் 1957இல் செவனைக் கொண்டுவந்தபோது அதில் வைத்தது ஃபோர்டின் 1172 சிசி சைடு வால்வ் எஞ்சின். சுமார் 40 குதிரைத்திறன்தான். அதை வைத்தே வளைவுகளில் பெரிய கார்களை முந்தினார்கள் என்றால் காரணம் எடை. உங்கள் பிண்டோவின் பிளாக்கும் ஹெட்டும் வார்ப்பிரும்பு. டியூராடெக்கில் இரண்டுமே அலுமினியம், முன்பக்கம் சுமார் 40 கிலோ குறையும். 600 சொச்சம் கிலோ காரில் முன் சக்கரத்தின் மேல் 40 கிலோ குறைந்தால் ஸ்டீயரிங்கைத் தொட்டதுமே தெரியும். அந்த வித்தியாசத்தைக் கூடுதல் குதிரைத்திறன் எதுவும் தராது. ஃபோர்டின் குடும்பக் காரான மான்டியோவில் இதே எஞ்சின் 145 குதிரைத்திறனோடு 1,300 கிலோவுக்கு மேல் இழுத்தது. உங்கள் காரில் அதே 145 என்ன செய்யும் என்று யோசித்துப் பாருங்கள். மனைவி பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் ஞாயிற்றுக்கிழமைக்கு அதுவே தாராளம்.

செடெக் என்று சொன்னவர் தப்பாகச் சொல்லவில்லை. ஃபோர்டின் பழைய கென்ட் எஞ்சினின் பெல்ஹவுசிங் (எஞ்சினையும் கியர்பாக்ஸையும் இணைக்கும் கூடு) துளைகள் செடெக்குக்கு அப்படியே பொருந்தும். அதனால் டைப் 9 பெட்டியோடு சேர்ப்பது சுலபம், மாற்றுப் பாகங்களும் நிறைய உண்டு. 1998 ஃபோகஸோடு வந்த கறுப்பு மூடி வகை, பழைய வெள்ளி மூடி வகையைவிட நல்லது. ஆனால் பிளாக் இரும்பு, கேமை ஓட்டுவது பெல்ட். கையில் பணம் குறைவென்றால் தயங்காமல் அதை வாங்குங்கள். டியூராடெக்கில் கேமை ஓட்டுவது சங்கிலி. இந்தக் குடும்பம் மாஸ்டாவில் பிறந்தது. எம்எக்ஸ்-5 மூன்றாம் தலைமுறையின் எஞ்சினும் இதன் உடன்பிறப்புதான். உதிரிபாகம் கிடைக்காது என்ற பயம் பல வருடத்துக்கு வேண்டாம்.

முதல் இரண்டு தலைமுறை எம்எக்ஸ்-5 எஞ்சினையும் நான் மதிக்கிறேன். பின்சக்கர ஓட்டத்துக்கென்றே நீளவாக்கில் வைக்கப்பட்டது, கியர்பாக்ஸோடு சேர்ந்தே வரும். புதிதாக ஒரு கிட் கட்டுகிறவர் கேட்டால் அதைத்தான் சொல்வேன். உங்களிடம் ஏற்கெனவே நல்ல டைப் 9 இருக்கிறது, அதற்கேற்ற டனலும் (கியர்பாக்ஸை மூடும் நடு மேடு), பின்சக்கரத்துக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் புரொப்பெல்லர் ஷாஃப்டும் இருக்கின்றன. அவற்றையெல்லாம் பிரிப்பானேன்? ஹயபுசா வேண்டாம். ட்ராக்கில் அது அற்புதம். ஆனால் பைக் எஞ்சினில் ரிவர்ஸ் கியர் கிடையாது, கிளட்ச் அந்த எடைக்கு ஏற்றதல்ல, மோட்டார்வேயில் அந்த இரைச்சலோடு வேல்ஸ் போய்ச் சேர்வது உங்கள் இருவருக்குமே சந்தோஷமாக இருக்காது.

இனிதான் முக்கியமான விஷயம். இது போன்ற மாற்றத்தில் எஞ்சினின் விலைதான் சின்னச் செலவு. பழைய கார்களைப் பிரித்து விற்கும் பிரேக்கர் யார்டில் நல்ல டியூராடெக் மலிவாகவே கிடைக்கும். பணத்தை விழுங்குவது அதைச் சுற்றியுள்ளவை. மான்டியோவில் அது குறுக்காக உட்கார்ந்த எஞ்சின். அதை நீளவாக்கில் திருப்பினால் தண்ணீர் வெளியேறும் பின்முனை பல்க்ஹெட்டில் (எஞ்சினுக்கும் உட்காரும் இடத்துக்கும் நடுவிலுள்ள தடுப்பு) இடிக்கும், அதற்கென்று தனிக் குழாய் வாங்க வேண்டும். மான்டியோ சம்ப் (எஞ்சினுக்கு அடியிலுள்ள எண்ணெய்த் தொட்டி) ஆழமானது, செவனின் உயரத்துக்கு ஆகாது. முதல் வேகத்தடையிலேயே பெயர்ந்துவிடும். ஆழம் குறைந்த சம்ப் கட்டாயம் வேண்டும். பெல்ஹவுசிங்கும் புதிதாக வேண்டும். கியர்பாக்ஸ் தண்டின் நுனி கிராங்க்கின் பின்முனையில் ஒரு சின்ன பேரிங்கில் உட்கார வேண்டும். குறுக்காக வைக்கும் எஞ்சின்களில் அது பொதுவாக இருக்காது, மாற்று கிட்டோடு அது வருகிறதா என்று கேட்டு வாங்குங்கள். எக்ஸாஸ்ட் எந்தப் பக்கம் வருகிறது, ஸ்டீயரிங் கம்பி எந்த வழியாக இறங்குகிறது என்பதையும் இப்போதே பாருங்கள். இரண்டும் ஒரே இடத்தில் சந்தித்தால் எக்ஸாஸ்டைத் தனியாகச் செய்ய வேண்டும், பக்கவாட்டுத் தகட்டில் புதுத் துளையும் போட வேண்டும். அதனால் எஞ்சினுக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன் ஒரு டேப்பை எடுத்துக்கொண்டு காரின் மூக்கைத் திறந்து அளந்துவிடுங்கள்.

பெட்ரோல் பக்கமும் வேலை இருக்கிறது. வெபர் கார்புரேட்டருக்கு அரை பாருக்கும் (பார் என்பது அழுத்த அலகு) குறைந்த அழுத்தம் போதும், இன்ஜெக்ஷனுக்கு 3 பார் அளவில் வேண்டும். பழைய பம்ப், பழைய ரப்பர் குழாய் இரண்டும் போக வேண்டும். 2021 முதல் பிரிட்டனில் சாதாரண பெட்ரோலே இ10 (10 சதவீதம் வரை எத்தனால் கலந்தது) ஆகிவிட்டதால் அந்தக் குழாய்களை எப்படியும் மாற்றியே ஆக வேண்டும். டாங்கில் தடுப்பு இல்லையென்றால் வளைவில் பெட்ரோல் ஒரு பக்கம் ஒதுங்கி, பம்ப் காற்றை இழுக்கும், எஞ்சின் திணறும். அதற்கு, பம்புக்கு எப்போதும் பெட்ரோல் கிடைக்கும்படி வைக்கும் ஸ்விர்ல் பாட் என்ற சின்னக் கலம் ஒன்று வையுங்கள்.

மான்டியோவின் ஈசியுவை (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினி) நம்பாதீர்கள். அது சாவியோடு பூட்டப்பட்டது, சாவியின் சிப் கிடைக்காவிட்டால் எஞ்சின் எழும்பாது. எமரால்டு, ஓமெக்ஸ் போன்ற தனி ஈசியு ஒன்று வைத்து, ரோலிங் ரோடில் (காரை உருளைகள் மேல் ஓட்டி அளக்கும் கருவி) ஒரு முழு நாள் கொடுத்து ட்யூன் செய்துகொள்ளுங்கள். குளிர் காலையில் முதல் சுற்றிலேயே பிடித்துக்கொள்வது அங்கேதான் உருவாகிறது. நீங்கள் உண்மையில் தேடுவதும் அதுதான் என்று உங்கள் கடிதம் சொல்கிறது.

ஒரு எச்சரிக்கை. எஞ்சினை வாங்கியதும் முன் கப்பியின் பெரிய போல்ட்டைச் சும்மா கழற்றிப் பார்க்காதீர்கள். டியூராடெக்கில் கப்பிக்கும் சங்கிலிச் சக்கரத்துக்கும் கீ (நழுவாமல் பிடிக்கும் ஆப்பு) கிடையாது. அந்த போல்ட்டின் இறுக்கம் ஒன்றுதான் எல்லாவற்றையும் பிடித்திருக்கிறது. தளர்த்தினால் டைமிங் போய்விடும், வால்வு பிஸ்டனில் அடிக்கும். கழற்ற வேண்டிய கட்டாயம் வந்தால் டைமிங் பின், கேம் பூட்டும் பட்டை, புது போல்ட் மூன்றும் கையில் இருக்கட்டும். மான்டியோவின் பிளாஸ்டிக் இன்டேக்கையும் கழற்றிவிடுங்கள். அதன் உள்ளே இருக்கும் மடல்கள் தளர்ந்து எஞ்சினுக்குள் விழுவது தெரிந்த கதை.

முன் ஸ்பிரிங்குகள் பிண்டோவின் எடைக்குத் தேர்ந்தெடுத்தவை. எடை குறைந்ததும் மூக்கு தூக்கிக்கொள்ளும், கல்லும் முள்ளுமாக ஓடும். உயரத்தைச் சரிசெய்து, நான்கு சக்கரத்தின் எடையையும் தராசில் பார்த்து அமையுங்கள். தேவைப்பட்டால் மென்மையான ஸ்பிரிங் போடுங்கள்.

காகித வேலை கொஞ்சம் உண்டு. எஞ்சின் எண்ணும் கொள்ளளவும் மாறுவதை டிவிஎல்ஏவுக்குத் (வாகனப் பதிவு அலுவலகம்) தெரிவிக்க வேண்டும், இன்சூரன்ஸ்காரரிடமும் சொல்ல வேண்டும். சேஸிஸ் குழாய் எதையாவது வெட்ட நேர்ந்தால், வெட்டுவதற்கு முன்பே டிவிஎல்ஏவிடம் எழுதிக் கேளுங்கள். வெட்டிய பிறகு கேட்டால் பதிவே சிக்கலாகலாம். எம்ஓடி என்ற வருடாந்தரத் தகுதிச் சோதனை செய்யும் இடத்தில், உங்கள் காருக்கு எந்த வருடத்துப் புகை அளவு பொருந்தும் என்று முன்கூட்டியே பேசிவிடுங்கள்.

கம்ப்ரஷன் டெஸ்ட் எண்கள் வந்ததும் அனுப்புங்கள். கூடவே பானட்டைத் திறந்து வைத்து, ஸ்டீயரிங் கம்பி தெரிகிற மாதிரி இரண்டு பக்கமும் படம் எடுத்து அனுப்பினால் எக்ஸாஸ்ட் எந்த வழியாகப் போகும் என்று பார்த்துச் சொல்கிறேன். அதுவரைக்கும் எதற்கும் முன்பணம் கொடுக்க வேண்டாம்.